இருபது மில்லி நொடி மேடு

மஞ்சளில் இருக்கும் நல்ல சரக்கு தன்னைப் பலிகொடுத்து நம் உடம்பைக் காக்கிறதாம். அப்படிக் காக்கும்போது நடுவில் ஒரு பொருள் பிறந்து, கண்ணிமைப்பதற்குள் செத்துப்போகிறது. ஒளியைப் பாய்ச்சி அதைப் பிடிப்பதுதான் யோக்யகர்த்தாவில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் பிழைப்பு. கருவி என் பொறுப்பு. பிடிக்க வேண்டியவள் ரத்ரி. பிடித்தால்தான் அவளுக்கு முனைவர் பட்டம்.

மூன்று வருடம் ஒன்றுமில்லை. போன வாரம் திரையில் ஒரு மேடு எழும்பி, இருபது மில்லி நொடியில் படுத்துக்கொண்டது. பேராசிரியர் ஹர்ஜோனோ, எங்களுக்கு 'பாக்', அதாவது ஐயா, துள்ளிக் குதித்தார். எங்கள் ஜாவாக்காரர்களுக்கு நல்ல சேதி வந்தால் முதலில் சோறு, அப்புறம்தான் யோசனை. துறைத் தலைவரை அழைத்து, தும்பெங் சோற்றுக்கும் சொல்லிவிட்டார். கோபுரமாய் நிற்கும் அந்த மஞ்சள் சோற்றின் உச்சி, அன்றைக்குப் பெருமைக்குரியவருக்கு.

சோறு வரும் நாள் காலையில்தான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. ஒரு வாரம் நானும் தூங்கியிருக்கிறேன், வேறென்ன சொல்ல?

"ஏண்டி, மஞ்சள் சரக்கு போடாம வெறும் எத்தனாலையும் தண்ணியையும் கலந்து ஓட்டிப் பாத்தியா?"

"இல்லக்கா. பாக் தேவையில்லன்னுட்டாரு."

"பாக் சோத்துக்கு ஆர்டர் குடுக்கற அவசரத்துல இருந்தாரு. ஓட்டு."

ஓட்டினாள். அதே மேடு. ஒளியின் அலைநீளத்தை மாற்றி மாற்றிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் அதே மேடு. உண்மையான பொருள் என்றால் தனக்கென்று ஒரு நிறத்தை மட்டும் விழுங்கும். இது, எத்தனால் தண்ணீரில் கலந்ததும் உள்ளிருந்த காற்று குமிழியாகி ஒளியை மறைத்த கதை.

"காத்தைப் புடிச்சிருக்கேனாக்கா?" ரத்ரி என் பக்கம் திரும்பினாள். "துறைத் தலைவர் முன்னாடி இதைச் சொன்னா பாக் என்னைத் தொரத்திடுவாரு."

மத்தியானம் எல்லாரும் சோற்றைச் சுற்றி நின்றோம். ஹர்ஜோனோ கத்தியை எடுத்தார். ரத்ரி முன்னால் வந்தாள்.

"பாக், வெட்டாதீங்க. அது வெறும் குமிழி. வெறும் கலவையை நான் ஓட்டிப் பாக்கல. தப்பு என்னோடது."

தேவையில்லை என்று அவர் சொன்னதைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை. எனக்கு அவளை அறையலாம் போலவும் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

ஹர்ஜோனோ முகம் வெளுத்தது. ஆனாலும் உச்சியை வெட்டினார். துறைத் தலைவர் அது தனக்குத்தான் என்று நினைத்துத் தட்டை நீட்டினார். ஹர்ஜோனோ அதைத் தன் தட்டிலேயே வைத்துக்கொண்டார்.

"ஓட்ட வேணாம்னு சொன்ன மேதை நான்தான். இன்னிக்கு இது எனக்குத்தான் சேரும்."

ஒரு வாய் மென்று விழுங்கிவிட்டு ரத்ரியைப் பார்த்தார்.

"ஆறு மாசம் நீட்டிப்பு கேட்டு எழுதும்மா. காரணம்ங்கிற எடத்துல என் பேரைப் போடு."