அட்டைக்குப் பக்கத்தில் நிற்பவர்

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருடம் மாசி மாதத்தில், ராசிபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய கந்தவேலும் அவர் மனைவி முத்தாயம்மாளும் சேலம் கடைவீதியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குள் நுழைந்தார்கள். கந்தவேல் நாற்பதைத் தாண்டியவர். வீட்டிலேயே தறிகள் போட்டுப் பட்டுச்சேலை நெய்து விற்பவர். ஒரு காக்கையைக்கூடக் கல்லெடுத்து எறிந்தறியாத மனிதர். அப்படிப்பட்டவர் காற்றுத் துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்றதும் முத்தாயம்மாளுக்குச் சிரிப்பு வந்தது.

"குருவி அடிக்கவா போறீங்க?"

"உசுரை ஏன் அடிக்கறேன்? அட்டையில வட்டம் போட்டு வெச்சுக் குறி பாக்கப் போறேன். சும்மா ஒரு பழக்கத்துக்கு" என்றார்.

கடைக்காரர் சுவாமிநாதன் இரண்டு துப்பாக்கிகளை மேசைமேல் வைத்தார். இரண்டும் ஜெர்மன் சரக்கு. குழலைக் கீழ்நோக்கி மடக்கினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இறுகிக்கொள்ளும். ஈயக் குண்டை வைத்துக் குழலை நிமிர்த்தி விசையை இழுத்தால், ஸ்பிரிங் விடுபட்டுக் காற்றைத் தள்ளிக் குண்டை வெளியே அனுப்பும். பெரியது கனம். மடக்கவே நல்ல தெம்பு வேண்டும். சின்னது சுலபமாக மடங்கியது.

"பெரிசை எடுத்துக்குங்க. குறி தப்பாது. சின்னது பையன்களுக்கு" என்றார் சுவாமிநாதன்.

கந்தவேல் இரண்டையும் மாறி மாறித் தோளில் வைத்து வாசல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். கடைசியில் சின்னதையே எடுத்துக்கொண்டார். அதன் குழல் நுனியில் குறி பார்ப்பதற்கு இருந்த முளை தடிமனாக இருந்தது. "இதுதான் கண்ணுக்குத் தெரியுது" என்று மெல்லச் சொன்னார். கடைக்காரர் அதைக் காதில் வாங்கவில்லை. குண்டு இல்லாமல் வெறுமனே சுடக் கூடாது, ஸ்பிரிங்கை இறுக்கியபடி வைத்துவிடக் கூடாது, தோல் வாஷருக்கு அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அதைக் காகிதத்தில் சுற்றினார்.

அவர்கள் வீட்டுக்குப் பின்னால் பாவடி இருந்தது. நெசவுக்காரர்கள் விடியற்காலையில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடும் திடல். இருபுறமும் புளியமரங்கள். வெயில் ஏறிவிட்டால் அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள். கந்தவேல் கோடியில் இருந்த மண்சுவரோரம் ஒரு பலகையை நிறுத்தி, அதில் அட்டையைக் குத்தி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் தினமும் சுட ஆரம்பித்தார்.

முதலில் குண்டுகள் கண்ட இடத்தில் பாய்ந்தன. சில நாட்கள் பலகையிலேயே படவில்லை. பங்குனி கழிந்து சித்திரை வந்தபோது ஓட்டைகள் நெருங்கி வந்தன. பிறகு எல்லாம் கருப்பு வட்டத்துக்குள்ளேயே விழுந்தன. முத்தாயம்மாள் அட்டைகளைக் கழற்றிக்கொண்டு வந்து பக்கத்து வீட்டுப் பெண்களிடம் பெருமையாகக் காட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் அவள் வேறு சிலவற்றையும் கவனித்தாள். கந்தவேல் அரக்கு நூலைக் கேட்டுவிட்டுக் கையில் கொடுத்த கருப்பு நூலை வாங்கிக்கொண்டார். தறிக் குழியின் விளிம்பைக் காலால் தடவிப் பார்த்து நடந்தார். ஒருநாள் சோற்றில் ஊற்றிய ரசத்தை மோர் என்று நினைத்து உப்புப் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்குக் கண்ணு தெரியலீங்களா?" என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "புகையாட்ட இருக்குது. போன வருஷமே ஆரம்பிச்சிருச்சு. அட்டையில இருக்கற வட்டம் எத்தனை நாளைக்குத் தெரியும்னு பாக்கத்தான் அந்தத் துப்பாக்கியை வாங்கினேன்."

"இப்பத் தெரியுதுங்களா?"

"பங்குனியிலேயே போயிருச்சு."

அவள் கை நின்றது. "அப்புறம் எப்பிடீங்க வட்டத்துக்குள்ள அடிக்கறீங்க?"

"அங்க ஒருத்தர் நிக்கறார். அட்டையில விரலை வெச்சுக் காட்டறார். அந்த விரல் நுனியைப் பாத்துச் சுடறேன்."

வெள்ளை வேட்டி கட்டிய, தோளில் துண்டில்லாத ஆள் என்றார். முதலில் தறிக்காரன் நாச்சிமுத்துதான் அட்டை மாற்றப் போய் நிற்கிறான் என்று எண்ணி அவனைத் திட்டியிருக்கிறார். நாச்சிமுத்துவோ, "மொதலாளி, நான் தறியை உட்டே எறங்கலீங்களே" என்றிருக்கிறான். மற்றதெல்லாம் புகை, அந்த ஆள் மட்டும் தெளிவு. முழங்கையில் இருக்கும் தழும்புகூடத் தெரிகிறது என்றார். முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பியிருக்கிறார்.

சேலத்துக் கண் டாக்டரிடம் போனார்கள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். நிற்கும் ஆளைப் பற்றிக் கேட்டபோது, பார்வை மங்குகிறவர்களுக்கு இல்லாத உருவங்கள் தெரிவது உண்டு, பயப்பட வேண்டாம் என்றார். முத்தாயம்மாளுக்கு அது ஆறுதலாக இருந்தது. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்கு ஒன்று உறைத்தது. இல்லாத ஆள் காட்டும் இடத்தில் குண்டு எப்படிச் சரியாகப் படும்?

மறுநாள் அவள் அவருக்குச் சொல்லாமல் பலகையைச் சுவரோரத்திலிருந்து எடுத்து, இடதுபுறம் இருந்த புளியமரத்தடியில் சாய்த்து வைத்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து அழைத்துவந்து வழக்கமான இடத்தில் நிறுத்தினாள். உச்சி வெயில். திடலில் ஒரு நாய்கூட இல்லை. கந்தவேல் குழலை மடக்கி, குண்டு வைத்து, துப்பாக்கியைத் தூக்கிச் சுவரை நோக்கிப் பிடித்தார். சற்று நின்றார். பிறகு அவர் தோள் மெதுவாக இடதுபக்கம் திரும்பியது. நடந்து போகிற ஒருவரைப் பார்வையால் தொடர்வதுபோல் திரும்பியது. புளியமரத்துக்கு நேராக வந்ததும் நின்றது.

டொக்கென்று சத்தம் கேட்டது. முத்தாயம்மாள் போய்ப் பார்த்தாள். குண்டு வட்டத்தின் நடுவில் இருந்தது.

அன்றே அவள் துப்பாக்கியை விற்றுவிடச் சொன்னாள். கந்தவேல் கோபப்படவில்லை. "எனக்குத் தெரியறது அவர் ஒருத்தர்தான், முத்தாயி. உம்மொகமே எனக்குப் புகைதான். அதையும் புடுங்கிக்காத" என்றார். அவள் பலகையைத் திரும்பச் சுவரோரத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

ஆனி மாதத்தில் ஒருநாள் அவர் துப்பாக்கியைத் தூக்கிவிட்டுச் சுடாமல் இறக்கினார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் சுடவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"என்னங்க?"

"அவர் அட்டைகிட்ட இல்ல. முன்னால வந்துட்டார். முந்தாநாள் ஒரு எட்டு. நேத்து இன்னும் கொஞ்சம். இன்னிக்குப் பாதித் தூரம் வந்துட்டார்."

"இந்தப் பக்கம் பாக்கறாருங்களா?"

"இல்ல. முதுகைக் காட்டிட்டே வாரார்."

முத்தாயம்மாள் திடலைப் பார்த்தாள். வெள்ளை வெயிலும், காலையில் சிந்திய கஞ்சி காய்ந்த திட்டுகளும் தவிர ஒன்றுமில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் பயந்து நின்றால் இன்னும் சில நாளில் அந்த முதுகு அவர் மூக்குக்கு முன்னால் வந்துவிடும் என்றும் தோன்றியது.

"துப்பாக்கியைக் கீழ வையுங்க" என்றாள். அவர் வைத்ததும் நடக்கத் தொடங்கினாள்.

"எங்க போற? வேண்டாம், நில்லு."

"எங்க நிக்கறாருன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் முதலில் சொல்ல மறுத்தார். அவள் நிற்காமல் நடப்பது காலடிச் சத்தத்தில் தெரிந்ததும், "அங்கதான், அங்கதான், போதும்" என்று நடுங்கிய குரலில் சொன்னார். அவள் நின்றாள். காலின் கீழே மண் சுட்டது. தோளில் மட்டும் வெயில் உறைக்கவில்லை, நிழலில் நிற்பதுபோல் இருந்தது. அண்ணாந்து பார்த்தாள். தலைக்குமேல் கிளை எதுவும் இல்லை.

திரும்பிக் கணவனைப் பார்த்தாள். கந்தவேல் வாய் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"முத்தாயி, நீ தெரியற."

"என்ன சொல்றீங்க?"

"உம்மொகம் தெரியுது. நெத்தியில வேர்வை தெரியுது. காதோரம் நரைச்சுப் போச்சா உனக்கு? மூக்குத்தியில ஒரு கல்லு இல்லையே, எங்க போச்சு?"

அவள் விரலால் தடவிப் பார்த்தாள். கல் இருந்த இடத்தில் குழி இருந்தது. விழுந்தது அவளுக்கே தெரியாது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த வெயிலில், அந்த நிழலில், அவர் பார்க்கட்டும் என்று நின்றாள். அவரும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. அவர் பார்வை அவள் முகத்திலிருந்து நகர்ந்து, அவள் காதுக்குப் பக்கத்தில் போய் வெகுநேரம் நின்றது.

"வந்துரு" என்றார். "ஓடாத. மெதுவா வந்துரு."

அவள் வந்தாள். இரண்டு அடி வைத்ததும் தோளில் வெயில் சுரீரென்று ஏறியது. அருகில் வந்தபோது அவர் கண்கள் மறுபடியும் அவளைத் தேடின. கையை நீட்டித் தடவி, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். துப்பாக்கியில் ஸ்பிரிங் இறுகியபடியே இருந்தது. அவள் அதை எடுத்து மண்ணைப் பார்த்துச் சுட்டுவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அதன்பிறகு கந்தவேல் எவரையும் பார்க்கவில்லை. மூன்று நாட்கள் திடலில் போய் நின்றார். வெறும் புகைதான். தை பிறப்பதற்குள் அந்தப் புகையும் இருட்டாகிவிட்டது. சேந்தமங்கலத்துக் கடைக்காரர் ஒருவர் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போனார். தறிகளையும் பட்டு வியாபாரத்தையும் முத்தாயம்மாள் நாச்சிமுத்துவைத் துணைக்கு வைத்துக்கொண்டு நடத்தினாள். கந்தவேல் நூலை விரலால் தொட்டு நயம் சொல்லப் பழகிக்கொண்டார். குடும்பம் நொடிக்கவில்லை.

ஆனால் திடலில் அவள் முகம் தெரிந்த அன்று மத்தியானம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"அவர் உங்காதுகிட்ட வாயை வெச்சு ரொம்ப நேரம் என்னமோ சொன்னாரே, என்ன சொன்னார்?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க" என்றாள். உண்மையில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

அவர் நம்பவில்லை. அடுத்து வந்த வருடங்களில், சாப்பிடும்போதோ, வெற்றிலை மடித்துக் கொடுக்கும்போதோ, திடீரென்று அதையே கேட்பார். ஒவ்வொரு முறையும் அவள் அதே பதிலைச் சொன்னாள். யுத்தம் முடிந்த வருடம், அவர் நோயில் படுத்திருந்தபோது மறுபடியும் கேட்டார். அவர் மனம் அமைதியடையட்டும் என்று அவள் முதன்முறையாக ஒரு பொய் சொன்னாள்.

"உங்களைப் பத்திரமாப் பாத்துக்கச் சொன்னாருங்க."

கந்தவேல் குருட்டுக் கண்களைக் கூரைப்பக்கம் வைத்துக்கொண்டு சற்று யோசித்தார்.

"அதைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகாதே, முத்தாயி" என்றார்.