ஷிபாவின் உயரத்தில் ஈக்கள்

2006 ஜனவரியில், இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே, பேபியின் வீட்டு முற்றத்தில் ஷிபா வந்து நின்றாள். சுனாமியில் போனபோது அவளுக்கு ஆறு வயது. இப்போது உடம்பு முழுவதும் ஈக்களாக இருந்தாள். காலை எட்டரைக்கு வெயில் விழுந்ததும் வந்தாள், பத்து மணிக்குக் கலைந்துபோனாள். அரிசி அளவே உள்ள பழுப்பு ஈக்கள். மேலெல்லாம் ரோமம், முன்னால் ஊசிபோல் நீண்ட வாய். கடற்காற்றிலும் அந்தரத்தில் அசையாமல் நின்றன. பின்னலும் சற்றுச் சரிந்த இடது தோளும் தெரிந்ததால் தெருவில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவளைப் பெற்ற வியாகுலம்மாள் நான்கு தெரு தள்ளி இருந்தாள். சுனாமி வந்த அன்று மாமியாரைப் பார்க்க நாகர்கோவில் போனவள், மகளைத் தங்கை பேபியிடம் விட்டிருந்தாள். பேபி தென்னையைப் பிடித்துப் பிழைத்தாள். பிள்ளையின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அதிலிருந்து இருவரும் பேசுவதில்லை. செய்தி கேட்டு ஓடிவந்தவள் வேலிக்கு வெளியே நின்று கத்தினாள்.

"ஏட்டி, எனக்க பிள்ள ஒனக்க முற்றத்துல ஏன் நிக்கா?"

பார்க்க வந்திருந்த பள்ளிக்கூட வாத்தியார் ஜெயசிங், இது தேனீயைப் போலிருந்தாலும் தேனீ இல்லை, கொட்டாது என்றார். மணலில் பொந்து வைக்கும் தேனீக்களின் வாசலில் பறந்தபடியே முட்டையை எறிந்துவிட்டுப் போகுமாம். குஞ்சு அந்தப் பொந்தில்தான், தேனீக் குஞ்சுகளைத் தின்று வளருமாம்.

"பெத்தவ திரும்பி வரமாட்டாளா சார்?" என்று வியாகுலம்மாள் கேட்டாள்.

"வராதும்மா."

"நான் வந்தேன் சார். சாயங்காலம் வந்தேன். வீடே இல்ல."

அப்போதுதான் பேபி வாய் திறந்தாள். "கைய விட்டது நான்தான்க்கா. தென்னையப் பிடிக்க ரெண்டு கையும் வேண்டியிருந்து."

வியாகுலம்மாள் வேலியைத் தள்ளிக்கொண்டு வந்து கையை ஓங்கினாள். ஓங்கிய கைக்கும் பேபியின் முகத்துக்கும் நடுவில் ஷிபா வந்து நின்றாள். வியாகுலம்மாள் கையை இறக்கினாள். அந்த வாரமே தன் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாள்.

ஆண்டுதோறும் ஜனவரியில் ஷிபா நாற்பது நாள் வந்தாள், இரண்டு விரற்கடை வளர்ந்திருந்தாள். மற்ற மாதங்களில் முற்றத்து மணலுக்கடியில் எதுவோ மெல்லும் சத்தம் கேட்டது. தேனீப் பொந்துகள் குறைந்துகொண்டே வந்தன. அவள் எதைத் தின்று வளர்கிறாள் என்று அக்காளும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை.

2009 ஜனவரியில் அவள் வயதுப் பிள்ளைகளுக்குப் புதுநன்மை என்னும் முதல் நற்கருணை கொடுத்தார்கள். கோயில் முற்றத்தில் பத்தொன்பது பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாக நிற்க, ஷிபாவும் கடைசியில் வந்து நின்றாள். பங்குச் சாமியார் ஒவ்வொரு பெயராக வாசித்து, பிள்ளைக்கு மெழுகுதிரி கொடுக்கத் தாயை அழைத்தார். ஷிபா என்றதும் வியாகுலம்மாளும் பேபியும் சேர்ந்து எழுந்தார்கள். சாமியார் பெட்டியிலிருந்து இரண்டு திரிகளை எடுத்தார்.