நோகுது

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் ஒரு வெண்கலப் பதக்கம் தொங்குகிறது. பொதுநலவாய நாடுகளின் மல்யுத்தப் போட்டி, ஆண்கள், எழுபத்துநாலு கிலோப் பிரிவு. என் மனைவி துஷாந்தினி கிழமைக்கு ஒருமுறை அதைத் துடைக்கிறாள், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். எனக்கோ அந்தப் பக்கம் கண் போனாலே எரிச்சல் வரும். போன சனிக்கிழமை காலை அதைக் கழற்றி என் சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துத் திரும்பவும் கொழுவிவிட்டாள்.

"ஆக்கள் வரேக்கை அதை ஏன் எடுக்கிறியள்? அவை வாறதே உங்களைப் பாக்கத்தானே."

வருகிறவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியும். கனடாவிலிருந்து வந்திருக்கும் கிருஷாந்தும் அவன் தாய் உதயகலாவும். கிருஷாந்தைத் தோற்கடித்துத்தான் நான் அந்தப் பதக்கத்தை வாங்கினேன் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அதை ஐந்து வருடமாக நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. மல்யுத்தத்தில் அது வீட்டுக்குப் போ என்று சொல்கிற வயது. இனி ஒரு வெளிநாட்டுப் போட்டிக்கு என்னை எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தே விமானம் ஏறினேன். போட்டி நாள் காலை எடை பார்க்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கனடாப் பெடியன் ஒரு பிளாஸ்டிக் கோப்பைக்குள் துப்பிக்கொண்டு நின்றான். கடைசி நூறு கிராமைக் குறைக்க எல்லோரும் செய்கிற அசிங்கம்தான். நானும் முதல்நாள் மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல், நாக்கு அண்ணத்தில் ஒட்டிப்போய் நின்றேன். அவன் திரும்பி என் அடையாள அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"குகதாசன். அண்ணை, நீங்கள் தமிழோ? எங்கடை அம்மா உரும்பிராய்."

"நான் அச்சுவேலி. சைக்கிளிலை போனால் அரை மணித்தியாலம்," என்றேன்.

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அண்ணை, எனக்கு வயிறு பசிக்கிறான்," என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வயிறு என்ன ஆம்பிளையோ? பசிக்குது எண்டு சொல்லும். பசிக்குது, குளிருது, நோகுது. உதெல்லாம் 'து'விலைதான் முடியும்."

"பசிக்குது, குளிருது, நோகுது," என்று அவன் மூன்று நான்கு தரம் சொல்லிப் பார்த்தான். வரிசையில் நின்ற வேற்றுநாட்டுக்காரர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்தொரு வயதுப் பிள்ளை. நன்றாகப் பிடித்துப்போனது எனக்கு அவனை.

பின்னேரம் வெண்கலப் பதக்கத்துக்கான மோதலில் எனக்கு எதிரே வந்து நின்றது அவன்தான்.

கடைசி இருபத்தைந்து விநாடி. அவனுக்கு ஐந்து புள்ளி, எனக்கு நாலு. அவன் மெத்தையில் குப்புறக் கிடக்கிறான், நான் மேலே. அவனுடைய வலக்கை என் பிடிக்குள் இருக்கிறது. அந்தக் கையால் நெம்பி அவன் முதுகைத் தரைப்பக்கம் திருப்பிவிட்டால் எனக்கு இரண்டு புள்ளி. நெம்பினேன். அவன் அசையவில்லை. இன்னும் நெம்பினேன்.

"அண்ணை, நோகுது."

மெல்லத்தான் சொன்னான். கத்தியிருந்தால் நடுவர் நிறுத்தியிருப்பார். கத்த வெட்கப்பட்டானோ, அண்ணையிடம் சொன்னால் போதும் என்று நினைத்தானோ, தெரியாது. மண்டபத்தில் ஆயிரம் பேராவது இருந்திருப்பார்கள். அந்தச் சொல் விளங்கக்கூடியவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தான்.

"விடுங்கோ அண்ணை. நோகுது."

பிழையில்லாத தமிழ். காலையில் நான் சொல்லிக் கொடுத்தபடியே சொன்னான். நான் விடவில்லை. அவன் தோளுக்குள் ஏதோ அறுபட்டது என் கைக்குத் தெரிந்தது. அதன் பிறகு அவன் சுலபமாகத் திரும்பினான்.

பிடி சட்டப்படி சரியானதுதான் என்று நடுவர்கள் காணொளியைப் பார்த்துச் சொன்னார்கள். ஆனால் கனடாப் பயிற்சியாளர் எங்கள் முகாமையாளரிடம் வந்து, பெடியன் விடச் சொல்லிக் கேட்டானாமே என்று கேட்டிருக்கிறார். முகாமையாளர் அதை என்னிடம் கேட்டார். மண்டபத்தில் ஒரே சத்தம், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தாலும் பதக்கம் என்னிடம்தான் இருந்திருக்கும். பதக்கத்துக்காகப் பொய் சொன்னேன் என்றால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும். நான் நல்லவன் என்ற பெயருக்காக அல்லவா சொன்னேன்! வெட்கங்கெட்ட வேலை.

ஊரில் சந்தையடியிலிருந்து லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, பாண்ட் வாத்தியத்தோடு கூட்டி வந்தார்கள். மாலைக்கு மேல் மாலை. அந்தக் கூத்துக்கு நடுவில் கைத்தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது. 'வாழ்த்துகள் அண்ணை. நாளைக்கு எனக்கு தோளில் ஒப்பரேஷன்.' பதிலுக்கு, பெருவிரலைத் தூக்கிக் காட்டுகிற சின்னக் கைப் படம் ஒன்றை அனுப்பினேன். ஒரு மனிதன் அனுப்புகிற பதிலா அது? பிறகு இன்னொரு சத்திரசிகிச்சையும் செய்தார்கள் என்றும், அவன் மல்யுத்தத்தை விட்டுவிட்டான் என்றும் கேள்விப்பட்டேன். அதற்கு நான் அந்தப் படத்தைக்கூட அனுப்பவில்லை.

போன சனிக்கிழமை பத்து மணிக்குத் தாயும் மகனும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். கிருஷாந்த் கொஞ்சம் உடம்பு வைத்திருந்தான். இடக்கையை நீட்டி என் கையைப் பிடித்தான். வந்ததும் வராததுமாகப் பதக்கத்தைப் பார்க்கக் கேட்டான். துஷாந்தினி எடுத்துக் கொடுக்க, உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "பாரமா இருக்குது," என்று சிரித்தான். உதயகலா கதிரையின் நுனியில் இருந்தார். தேத்தண்ணீர் பக்கத்து ஸ்டூலில் ஆறிக்கொண்டிருந்தது. அவர் தொடவில்லை.

"நேற்று எங்கடை ஊர்க் கோயிலிலை தேர்," என்றார் அவர். "எல்லாரும் ரெண்டு கையையும் தலைக்கு மேலை தூக்கிக் கும்பிட, இவன் ஒரு கையோடை நிண்டவன்."

"அம்மா, உதை விடுங்கோ. அண்ணைக்குக் கேக்கேல்லை எண்டு எத்தினை தரம் சொன்னனான்!"

"கேட்டிருக்கும் எண்டு நான் சொல்லுவன். கேட்டிருந்தால் விட்டிருப்பார் எண்டு இவன் சொல்லுவான்." அவர் என்னைப் பார்த்தே பேசினார். "அஞ்சு வருசமா எங்கடை வீட்டிலை உதுதான் சண்டை."

"இவருக்குக் கேட்டிருந்தால் விடாமல் இருப்பாரே அக்கா?" என்றாள் துஷாந்தினி. "ஒரு ஆட்டுக்குட்டி கத்தினாலே எழும்பி ஓடுற மனிசன்."

எனக்கு அவள்மீது கோபம்கோபமாக வந்தது. அவள் என்ன செய்வாள்? நான் சொன்னதைத்தானே நம்பினாள்.

கிருஷாந்த் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டான். "அண்ணை, எனக்கு உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். அதுக்குத்தான் வந்தனான். பிழை என்னிலைதான் எண்டு நினைக்கிறன். அந்த நேரம் நோவிலை எனக்கு மூளை வேலை செய்யேல்லை. 'நோகிறான்' எண்டு சொல்லியிருப்பன். வயிறு பசிக்கிறான் எண்டு சொன்ன ஆள்தானே நான்! அதுதான் உங்களுக்கு விளங்கியிருக்காது. ஒரு சொல்லு அண்ணை. ஒரு சொல்லை ஒழுங்காச் சொல்லத் தெரிஞ்சிருந்தால் என்ரை கை தப்பியிருக்கும்."

"இருபத்திமூண்டு வயசிலை சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போனவன்," என்றார் உதயகலா. "ஏழு வயசுப் பிள்ளையளோடை ஒரே வாங்கிலை இருந்து படிச்சவன்."

அப்போதுதான் கவனித்தேன், வந்ததிலிருந்து அவன் ஒரு பிழைகூட விடவில்லை. என்னைவிட நன்றாகவே கதைத்தான்.

ஓம் தம்பி, எனக்கு விளங்கேல்லை என்று சொன்னால் போதும். தலையை ஆட்டினாலே போதும். எனக்குத் தப்பிப் போக ஒரு வழியைத் தன் கையாலேயே திறந்து வைத்துக்கொண்டு முன்னால் இருந்தான். ஆனால் ஆட்டினால் அவன் இனிச் சாகும்வரை தன் தமிழைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டு திரிவான். வரிசையில் நின்று அவன் பேச்சைப் பார்த்துச் சிரித்தவன் நான்.

"சரியாத்தான் சொன்னனீர் தம்பி," என்றேன். "நோகுது எண்டுதான் சொன்னனீர்."

அவன் முகம் மலர்ந்துபோனது. "பாத்தியளோ அம்மா! நான் சரியாத்தான் சொல்லியிருக்கிறன்!"

தாய் அவனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படி வாசலில் வடைத் தட்டோடு வந்த துஷாந்தினி அப்படியே நின்றுவிட்டாள். அவர்கள் இருவருக்கும் விளங்கிவிட்டது. கிருஷாந்துக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை, சந்தோஷத்தில் இருந்தான்.

"எனக்குக் கேட்டது தம்பி. ரெண்டு தரமும் கேட்டது."

அவன் சிரிப்பு போக நேரம் எடுத்தது. என்ன சொன்னேன் என்று மனதுக்குள் திருப்பிப் பார்க்கிறான் என்று தெரிந்தது. ஏசுவான், அடிப்பான் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவன் கையிலிருந்த பதக்கத்தை ஸ்டூலில், தேத்தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்தான்.

"வெளிக்கிடுவம் ராசா," என்றார் உதயகலா.

மன்னித்துக்கொள்ளும் என்று சொல்ல எழுந்து பின்னால் போனேன். சொல்லாமலே முற்றத்தோடு நின்றுவிட்டேன். படலையைத் திறந்துகொண்டு அவன் தாயிடம் ஏதோ சொன்னான், ஆங்கிலத்தில். தாய் தமிழில் என்னவோ கேட்டார். அவன் திரும்பவும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னான்.