கார்த்திகை மாதத்து மைல்கள்

ஆம்பூரில் அந்தக் காலத்தில் சைக்கிள் வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு காரணம் இருந்தது. வேலைக்குப் போக, பால் கேன் மாட்ட, தோல் கட்டு ஏற்ற. ஒரு காரணமும் இல்லாமல் சைக்கிள் ஓட்டியவர்கள் மூன்றே பேர். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எங்கோ கிளம்பிப் போவார்கள், வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வருவார்கள். கையில் ஒரு சாமானும் இருக்காது. "எதுக்குப் போனாங்க, எதுக்கு வந்தாங்க?" என்று பஜாரில் கேட்டு ஓய்ந்துபோயிருந்தார்கள்.

ஜம்புலிங்கம் ஒரு தோல் தொழிற்சாலையின் ஆபீசில் டைப் அடிப்பவர். நிசார் அஹமது அதே இடத்தில் ஆட்டுத்தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பவர். மூன்றாமவர் தேவசகாயம், மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஞாயிறு அன்று மாலை ஆராதனைக்குப் போய்க்கொள்வார் என்பதால் காலை முழுக்க அவருக்குச் சாலைதான். மூவரும் சேர்ந்து மெட்ராஸிலிருந்து ஆளுக்கொரு மைல் மீட்டர் வாங்கி முன்சக்கரத்தில் மாட்டியிருந்தார்கள். தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது. சக்கரம் சுற்றச் சுற்ற, கம்பியில் இருக்கும் ஒரு சின்ன முள் தட்டித் தட்டி உள்ளே எண் நகரும்.

தை பிறந்தால் பங்குனி வரை அவர்களைப் பிடிக்க முடியாது. ஒரே காலையில் வாணியம்பாடி தாண்டி நாட்றம்பள்ளி வரை போய்த் திரும்பியிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் கொஞ்சம் கம்மியாகும், காற்று மாறியதும் மறுபடி ஏறும். ஐப்பசி மழை விழுந்தால்தான் விஷயம் வேறு. அந்த மாதங்களில் ஜம்புலிங்கத்துக்குச் சைக்கிளைப் பார்த்தாலே உடம்பு கனத்தது. மழைகூட ஒரு சாக்குதான் என்று அவருக்கே தெரியும். மழை விட்ட காலைகளிலும் போர்வைக்குள்ளிருந்து கால் வெளியே வருவதில்லை.

அந்த வருஷம், 1957, ஐப்பசி இரண்டாம் ஞாயிறு பேய் மழை. இனிமேல் மழை விடும்வரை அவரவர் முடிந்தபோது தனியாகப் போய்வருவது, புதன்கிழமை சாயங்காலம் டீக்கடையில் சேர்ந்து சொல்லிக்கொள்வது என்று பேசிக்கொண்டார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

முதல் புதன்கிழமை நிசார் அஹமது டீயை ஊதிக்கொண்டே கேட்டார். "இன்னா ஜம்பு, எதுவரைக்கும் போன?"

"மாதனூர்" என்று ஜம்புலிங்கத்தின் வாயிலிருந்து தானாக வந்தது. அந்த ஞாயிறு அவர் வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

"அவ்ளோதானா? நான் பள்ளிகொண்டா பார்த்துட்டு வந்தேன்" என்றார் நிசார்.

தேவசகாயம் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். வெளியே நிறுத்தியிருந்த தன் சைக்கிளிடம் கூட்டிப்போய் மீட்டரைக் காட்டினார். போன தடவையைவிட இருபத்தாறு மைல் கூடியிருந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் பொய் பெரிதானது. ஜம்புலிங்கம் தன் மீட்டரில் மழைத்தண்ணீர் இறங்கி எண் நின்றுவிட்டதாகச் சொன்னார். தேவசகாயத்தின் மீட்டரோ வாரம் தவறாமல் ஏறியது. இரண்டு பேரும் சேற்றிலும் மழையிலும் மிதித்துக்கொண்டிருக்க, தான் மட்டும் சோம்பேறியாய்க் கிடக்கிறோமே என்று ஜம்புலிங்கத்துக்கு உள்ளுக்குள் அரித்தது. முப்பத்தாறு வயதில் முடிந்துவிட்டதா எல்லாம் என்றுகூட நினைத்தார்.

"வெயில் வந்தா வெளிய எடுப்பீங்களா? இல்லாட்டி இந்தப் பாவாடையையும் அது மேலயே காயப்போடறேன்" என்றாள் மனைவி அம்சவேணி. சைக்கிள் பாரில் ஏற்கெனவே இரண்டு துண்டும் ஒரு பனியனும் தொங்கின.

கார்த்திகை நடுவில் ஒரு புதன்கிழமை நிசார், "குடியாத்தம் போய் ஒரு லுங்கி வாங்கிட்டு வந்தேன்" என்றார். "நானும் ஞாயித்துக்கிழமை குடியாத்தம்தான் போனேன். ரோட்டுல பார்க்கவே இல்லியே பாய்?" என்றார் தேவசகாயம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "நீங்க முன்னாடி போயிருப்பீங்க" என்று நிசார் முடித்துவிட்டார்.

ஜம்புலிங்கத்துக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு வம்படியாக எழுந்தார். துண்டுகளை எடுத்துக் கொடியில் போட்டார், சங்கிலிக்கு எண்ணெய் விட்டார், கிளம்பினார்.

முதல் மூன்று மைல் நரகம். எதிர்காற்று, ஊசித் தூறல். தொடை இரண்டும் மணல் மூட்டையாக இருந்தது. நடுவில் இரண்டு முறை இறங்கித் திரும்பிவிடலாமா என்று நின்றார். நிசாரும் வாத்தியாரும் குடியாத்தமே போய்வந்திருக்கிறார்கள், நான் மாதனூராவது தொட வேண்டாமா என்று மறுபடி ஏறினார். ஒருவழியாக ஏழு மைல் ஓடியது. பாலாற்றைக் கடந்தால் குடியாத்தம் ரோடு. இவ்வளவு வந்தாயிற்று, ஆற்றையும் பார்ப்போம் என்று தரைப்பாலத்துப் பக்கம் திருப்பினார்.

பாலத்தைக் காணோம். கரைக்குக் கரை செந்தண்ணீர் சுழித்து ஓடியது. வருஷத்தில் பத்து மாதம் வெறும் மணலாய்க் கிடக்கும் ஆறு.

கரையோரம் டீ ஆற்றிக்கொண்டிருந்தவரிடம், "எப்போலேர்ந்துங்க தண்ணி?" என்று கேட்டார்.

"இன்னியோட பன்னெண்டு நாளு. பஸ்ஸே வேற வழியா சுத்திப் போவுது. ஒரு ஈ காக்கா தாண்டல."

பன்னிரண்டு நாள். போன ஞாயிற்றுக்கிழமை ஏழு நாளைக்கு முன்னால். ஜம்புலிங்கம் விரல் விட்டு ஒருமுறைக்கு இருமுறை எண்ணினார். பிறகு சைக்கிளைப் பிடித்துக்கொண்டே சிரிக்கத் தொடங்கினார். டீக்கடைக்காரர் பயந்துபோய், "உக்காருங்க சார்" என்றார்.

திரும்பும்போது காற்று முதுகில் தள்ளியது. ஏழு மைல் போனதே தெரியவில்லை. நேராக நிசார் வீட்டு வாசலில் மணி அடித்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து நிசாரின் மனைவி அன்வரி பேகம், "வாங்கண்ணே. அவரு ரஜாயப் போத்திக்கிட்டுப் படுத்திருக்காரு. எழுப்பட்டுமா?" என்றார்.

"சைக்கிள்ல போயிட்டு வந்து அசந்து தூங்கறாரோ?"

"சைக்கிளா? அது பின்கட்டுல நிக்குது. சீட்டு மேல கோழி ஒக்காந்து ஒரு மாசம் ஆவுது. விரட்டினா மனுஷனுக்குக் கோவம் வருது, பாவம் இருந்துட்டுப் போவட்டும்னு."

நிசார் அஹமது தலையில் மப்ளரோடு வெளியே வந்தார். நண்பரின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது.

"பாலத்து மேல தண்ணி போவுது பாய். லுங்கி நனையாம எப்படிக் கொண்டாந்த?"

நிசார் தலையைச் சொறிந்தார். "சரி, நான் பொய் சொன்னேன். ஆனா வாத்தியாருக்கு மீட்டரு ஏறுதே, அது எப்படி?"

அதுதான் ஜம்புலிங்கத்துக்கும் விளங்கவில்லை. அவர் தன் சைக்கிளை உருட்ட, இருவருமாகத் தேவசகாயத்தின் வீட்டுக்கு நடந்தார்கள். நிசாரின் சைக்கிளைக் கேட்கவே வேண்டாம்.

கதவு திறந்துதான் இருந்தது. கூடத்தில் தேவசகாயம் சப்பணமிட்டு அமர்ந்து அரையாண்டுத் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய சைக்கிள் தலைகீழாக, சக்கரங்கள் மேலே பார்க்க நின்றது. வலது கை தாளில் மார்க் போட, இடது கை முன்சக்கரத்தைச் சுழற்றிவிட்டபடி இருந்தது. மீட்டர் டிக் டிக்கென்று தட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரையும் கண்டதும் அவர் கையை எடுத்தார். சக்கரம் மட்டும் ஓடி, மெல்ல நின்றது.

"பொய் சொல்றதுக்கு மனசு வரல" என்றார் தேவசகாயம், சிவப்பு மைப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு. "மீட்டர் சொல்றதாவது நிஜமா இருக்கட்டும்னு..."

"குடியாத்தம்?" என்றார் ஜம்புலிங்கம்.

"அது ஒண்ணுதான் பொய். பாய் சொன்னாரேன்னு வாய் தவறிடுச்சி. அன்னிக்கி ராத்திரி ஜெபம் பண்ணேன்."

அடுக்களையிலிருந்து அவர் மனைவி சவுரியம்மாள் எட்டிப் பார்த்தார். "நல்லா கேளுங்கண்ணே. அஞ்சு வாரமா இதான் கூத்து. கை வலிச்சா என்னைச் சுத்தச் சொல்றாரு."

நிசார் முதலில் சிரித்தார். பிறகு யார் நிறுத்துவது என்று தெரியாமல் மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஜம்புலிங்கம், "நானும் இந்தச் சீசன்ல இன்னிக்கிதான் சைக்கிளத் தொட்டேன். மீட்டருல தண்ணியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டார். "நான் மட்டும்தான் இப்படி ஆயிட்டேன்னு பேஜாரா இருந்திச்சி வாத்தியாரே."

"எனக்கும் அதேதான்" என்றார் தேவசகாயம். "வருஷா வருஷம் இந்த மாசத்துல எனக்குக் கால் எழும்பறதில்ல. வெளிய சொல்ல வெக்கம்."

"எனக்கு சின்ன வயசுலேர்ந்தே" என்றார் நிசார். "மழை வந்தா நானும் கோழி மாதிரிதான்."

சவுரியம்மாள் கொடுத்த சுக்குக் காப்பியைக் குடித்துக்கொண்டே தேவசகாயம் ஸ்பேனரை எடுத்தார். மீட்டரைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டார். தையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஜம்புலிங்கமும் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு வானம் வெளுத்திருந்தது. ஏழரை மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பி, சோலூர்ப் பக்கம் பேசிக்கொண்டே உருட்டினார்கள். ஏரி தளும்பி மதகில் வழிந்தது. இரண்டு மைல் இருக்கும், அதற்குள் நிசாருக்கு மூச்சு வாங்கியது. வழியில் ஒரு கடையில் மசால்வடை வெந்துகொண்டிருந்ததைப் பார்த்து அவர் சைக்கிளை நிறுத்த, மற்ற இருவரும் எதுவும் கேட்காமல் இறங்கினார்கள். அடுத்த ஈடு எடுக்கும்வரை இருந்துவிட்டுப் போகலாம் என்று ஜம்புலிங்கம்தான் முதலில் பெஞ்சில் உட்கார்ந்தார்.