பின்னால் வராத சக்கரம்

காப்பீட்டு அலுவலகத்தின் உதவி மேலாளரை வீட்டில் 'விஞ்ஞானி' என்றுதான் சொல்வார்கள். அதைப் பட்டமாகவே எடுத்துக்கொள்ளும் பெருந்தன்மை அவருக்கு இருந்தது. மழை வந்தால் தானே மூடிக்கொள்ளும் ஜன்னல் ஒன்றை முன்பு செய்திருந்தார். அது வெயில் அடித்தால் மூடிக்கொண்டது. குறை வானிலையில் என்று முடிவு செய்து அந்த ஃபைலை மூடிவிட்டார்.

பின்னறை அவருடைய ஆய்வுக்கூடம். மனைவியின் தையல் மிஷின் குளியலறைக்குப் போகும் வழியில் நின்றது. குளிக்கப் போகிற எவரும் அதற்கு ஓர் இடி கொடுக்காமல் போனதில்லை.

இப்போதைய படைப்பு, கல்லிலும் புல்லிலும் ஓடும் பெரிய சக்கர ஸ்கேட். மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். அவளை வைத்துத் தள்ளிய வண்டி மட்டும் பரணில் இன்னும் குழந்தையாகவே இருந்தது. அதன் காற்றடைத்த சக்கரங்களைக் கழற்றி, பழைய கட்டில் சட்டத்தை அறுத்து, காலுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று எனப் பொருத்தினார். மேட்டில் ஏறும்போது பின்னுக்கு நழுவக்கூடாதே என்று பின்சக்கரத்தில் சைக்கிள் ஃப்ரீவீல். சக்கரம் முன்னால் மட்டும் சுற்றும்.

"ஃப்ரீவீல இடது காலுக்கு இடப்பக்கம், வலது காலுக்கு வலப்பக்கம் மாட்டியிருக்கீங்களே அத்தான், ரெண்டையும் ஒரே பக்கம் மாட்டினா என்ன?" என்றான் மைத்துனன், வாயில் பிஸ்கட்டோடு.

"பாக்க லட்சணமா இருக்க வேணாமா மாப்ள? உங்க குடும்பத்துக்கே ரசனை கம்மி."

"எங்கக்கா உங்களக் கட்டிக்கிட்டப்பவே அது தெரிஞ்சுபோச்சு."

விஞ்ஞானி இடது ஸ்கேட்டைத் தரையில் உருட்டிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு ஓடியது. வலதை உருட்டவில்லை. முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிற அலுவலகப் பழக்கம்.

மனைவி நிபந்தனை விதித்தாள். "ஏங்க, வீட்டுக்குப் பின்னாடி மேட்டு உச்சியிலேர்ந்து தண்ணித் தொட்டி வரைக்கும் விழாம வந்துட்டா அந்த ரூம் உங்களுக்கே. இனி வாயே திறக்க மாட்டேன். வரலன்னா மிஷின் உள்ள போகும்."

இந்த இரட்டைப் பரிசை நினைத்து அவர் அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிறு காலை, ஹெல்மெட்டும் முழங்காலில் கட்டிய சோபா மெத்தைகளுமாக மேட்டு உச்சியில் நின்று 'ஓரிரு வார்த்தைகள்' பேசினார். மைத்துனன் புல்லில் படுத்துவிட்டான். கடைசியில் கீழே தொட்டியருகே நின்ற மனைவிக்குக் கையசைத்துவிட்டுக் கிளம்பினார்.

கிளம்பியது இடது கால் மட்டும். ஃப்ரீவீலை மறுபக்கம் திருப்பி மாட்டினால் அது சுற்றும் திசையும் திரும்பும் என்பது வலது காலுக்குத் தெரிந்திருந்தது. நின்ற இடத்தைவிட்டு அது அசையவில்லை. இடது காலோ தொட்டியை நோக்கிக் கடமையே கண்ணாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டுக்கும் இடையே சமரசம் பேசிய கால்சட்டை, முடியாமல் சத்தத்தோடு விலகிக்கொண்டது.

விடவில்லை அவர். எழுந்து முதுகைக் காட்டி நின்று, பின்பக்கமாக இறங்கப் பார்த்தார். இப்போது வலது கால் உற்சாகமாகக் கிளம்பியது. இடது கொள்கைப் பிடிப்போடு நின்றது.

"அத்தான், ரெண்டு பேரா வர்றீங்களா?" என்றான் மைத்துனன், படுத்தபடியே.

"டிசைன் சரிதான். சரிவுதான் சரியில்ல," என்றார் விஞ்ஞானி, உட்கார்ந்தபடியே.

மத்தியானம் மிஷினைத் தூக்க ஆள் போதவில்லை. மனைவி இடது ஸ்கேட்டை எடுத்து வந்து அடியில் கொடுத்தாள். அக்காவும் தம்பியும் இருபுறமும் பிடித்துக்கொள்ள, அது உருண்டது. பின்னறை வாசற்படி குறுக்கிட்டது. பெரிய சக்கரம் அதை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் ஏறிக் கடந்து, ஜன்னலோரம் போய் நின்றது.

விஞ்ஞானிக்கு மார்பு விம்மியது. ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தவர், மிஷினைப் பிடித்து வாசல் பக்கமாக இழுத்துப் பார்த்தார். இம்மியும் அசையவில்லை.

"பாத்தியா? ஒரு இன்ச்கூடப் பின்னாடி வரல," என்றார் பெருமையாக.

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றாள் மனைவி, ஊசியில் நூலைக் கோத்தபடி. "அந்தக் கால்சட்டையக் கொண்டாங்க."