வில்ஃபின் கிருதா

"மூடுங்க பெட்டிய. இது எங்க வீட்டு மனுஷன் இல்ல" என்று சொல்லிக் கைப்பையைத் தூக்கிக்கொண்டாள் டோரீன்.

மகள் ஹிலரி சவப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அப்பாதான். ஆனால் கன்னம் இரண்டும் மழமழவென்று இருந்தன. காதிலிருந்து தாடைவரை அடர்ந்து கிடந்த கிருதாவைக் காணோம்.

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற வில்ஃப் அந்தக் கிருதாவைச் சும்மா வளர்க்கவில்லை. விக்டோரியா ராணி காலத்து நாவல் ஒன்றைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்க ஒரு கூட்டம் ஊருக்குள் வந்து இறங்கியிருந்தது. சந்தைச் சதுக்கத்துத் தார்ச்சாலையில் மண்ணைக் கொட்டிக் குதிரைவண்டி விட்டார்கள். வங்கி வாசலில் நின்று தொப்பியைத் தூக்கும் கனவானாக வில்ஃபைப் பிடித்துப் போட்டார்கள். வசனம் கிடையாது. பாதிக் காட்சி எடுத்தாயிற்று, கடைசி நாள்வரை ஒரு மயிரைக்கூடக் கத்தரிக்கக் கூடாது என்று கண்டிப்பு வேறு. மனிதர் தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி ஊரைச் சுற்றினார். போன வாரம் இரண்டு காட்சிகளுக்கு நடுவே தேநீர் குடிக்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"யாரக் கேட்டு வழிச்சீங்க, செட்ரிக்?"

சவப்பெட்டிக்காரர் செட்ரிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. "நீதானேம்மா கிளப்புல வாராவாரம் சொல்லுவ, சூப் குடிச்சா பாதி கன்னத்துலயே நிக்குது, பக்கத்துல படுத்தா தென்னந்தொடப்பம் மாதிரி குத்துதுன்னு? உன் மனசு குளிரட்டுமேன்னு..."

"நான் திட்டுவேன். என் புருஷன். உங்களுக்கு என்ன வந்துச்சு?"

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதைதான்.

"அம்மா, சர்ச்சுல எல்லாரும் வந்துடுவாங்க" என்றாள் ஹிலரி.

"வரட்டும். பாடட்டும். அந்தக் கிருதா இல்லாம நான் வரலடி."

டோரீன் சொன்னால் சொன்னதுதான். அம்மா இல்லாமல் அப்பாவைப் புதைக்க ஹிலரிக்கு மனம் வரவில்லை. சதுக்கத்துக்கு ஓடினாள். கறுப்பு உடையில் மண்ணில் ஓடியவளைப் படப்பிடிப்புக்காரர்கள் தங்கள் ஆள் என்றே நினைத்து வழிவிட்டார்கள்.

ஒப்பனை வண்டியில் ரோவீனா, வாயில் கொண்டை ஊசிகளோடு யாருக்கோ சவுரி வைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் ஊசிகளைத் துப்பினாள்.

"பாவி மனுஷன், பொத்திப் பொத்தி வளர்த்தாரே! இருங்க. நாளைக்கு அவர் இடத்துல நிக்கிற ஆளுக்கு ஒட்ட, அவரோட நரைக்குப் பொருத்தமா ஒரு கிருதா கட்டி வெச்சிருக்கேன்."

"அப்ப அந்த ஆளு?"

"திரும்பி நின்னு முதுகக் காட்டட்டும். வாங்க."

ரோவீனா பெட்டியருகே மண்டியிட்டு, பசை தடவி, வலைத்துணியில் கட்டிய கிருதாவை ஒட்டினாள். ஓரங்களைச் சீப்பால் வாரினாள். செட்ரிக் தன் தொழிலில் கண்டிராத வேலையைப் பார்த்து வாய் பிளந்து நின்றார்.

டோரீன் வந்தாள். குனிந்து பார்த்தாள்.

"நல்லா இருக்கு கண்ணு" என்று ரோவீனாவின் தோளைத் தட்டினாள். பிறகு செட்ரிக்கிடம் திரும்பி, "கொஞ்சம் வெந்நி கொண்டாங்க. ஒரு துண்டும்" என்றாள்.

"எதுக்கும்மா?" என்று கேட்டாள் ஹிலரி.

"படம் முடியிற அன்னிக்கு என் கையால வழிச்சு விடறதா பேச்சு. வாக்குக் கொடுத்திருந்தாரு." டோரீன் கோட்டைக் கழற்றிவிட்டுச் சட்டைக் கையை மடித்தாள். "எல்லாரும் போங்க வெளிய."

கதவு சாத்தும்போது, நனைத்த துண்டை வில்ஃபின் காதோரம் வைத்து அம்மா சொன்னது ஹிலரிக்குக் கேட்டது. "ஆடாம இரு, வில்ஃப்."

ஹிலரி வாசலுக்குப் போய், பூவோடு காத்திருந்த சவ ஊர்தியின் ஓட்டுநரிடம் எஞ்சினை அணைக்கச் சொன்னாள்.