நாற்பத்து மூன்றாம் அட்டையின் பின்பக்கம்

எழுபது சொற்களுக்கு மேல் போகக்கூடாது. சிகரெட் அட்டையின் பின்பக்கம் அவ்வளவுதான் தாங்கும். லெனர்ட் டோவி பென்சில் முனையால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு எண்ணினான். எழுபத்திரண்டு வந்தது. ‘அன்பான’ என்பதை அடித்தான். ‘தூய’ என்பதையும் அடித்தான். மீதமிருந்ததை ஒருமுறை படித்தான். “வெதரிட்ஜ் குடும்பத்தில் நோயுற்ற எந்தப் பெண்ணும் கைவிடப்படுவதில்லை. கடற்கரையில் அவளுக்கென்று ஒரு வீடு காத்திருக்கிறது.” அதற்குக் கீழே எத்தனை படுக்கை, எத்தனை தாதி, தோட்டத்தில் என்னென்ன ரோஜா என்ற விவரம்.

வெதரிட்ஜ் கம்பெனிக்கு அந்த வருடம் நூற்றைம்பது வயது. அதற்காக ஒவ்வொரு சிகரெட் பெட்டியிலும் கம்பெனியின் வரலாறு ஓர் அட்டையாகப் போக வேண்டும், மொத்தம் ஐம்பது அட்டை என்று முதலாளிகள் முடிவு செய்திருந்தார்கள். முன்பக்கம் வண்ணப்படம், பின்பக்கம் லெனர்டின் எழுத்து. முதல் அட்டையில் பிரிஸ்டல் துறைமுகத்துக்கு அருகே ஒரு சின்னக் கடை, குதிரை சுற்றிச் சுற்றி இழுக்கும் மூக்குப்பொடி ஆலை. ஒன்பதாவதில் பெட்மின்ஸ்டரில் எழுந்த செங்கல் தொழிற்சாலை. பதினான்கில் அமெரிக்காவிலிருந்து வந்த இயந்திரம். நாற்பது பெண்கள் நாள் முழுக்கச் சுருட்டியதை அது மதிய மணி அடிப்பதற்குள் துப்பிவிட்டது. அந்த நாற்பது பேர் என்ன ஆனார்கள் என்று எழுத இடமில்லை. இருபத்திரண்டில், அதுவரை ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத புகையிலை முதலாளிகள், அமெரிக்காக்காரனுக்குப் பயந்து ஒரே மேசையில் உட்கார்ந்து கைகுலுக்கினார்கள். இருபத்தெட்டில் பதுங்குகுழியில் ஒரு சிப்பாய் இன்னொருவனுக்கு நெருப்புக் கொடுத்தான். முப்பத்தொன்றில் இந்தியா, குண்டூர், தலையில் இலைக்கட்டு சுமந்த பெண்கள். கம்பெனி ஆலமரம்போல் விழுதுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. ஐம்பது அட்டைக்குள் அடக்குவதே சிரமமாக இருந்தது.

நாற்பத்து மூன்றாவது, ஊழியர் நலம். அதை மட்டும் தொழிலாளர் நல அதிகாரி ஹோரஸ் கலிக் தன் வாயாலேயே சொல்லி எழுதவைத்தார். ரோஜாவின் பெயர்கள்கூட அவர் சொன்னதுதான். பருத்த, சிரித்த முகம். யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். பணிவிடைகூடக் கேட்டுத்தான் வாங்குவார். “டோவி, தொந்தரவு இல்லேன்னா ஒரு டீ சொல்றியா?” ஜனவரிக்குப் பிறகும் எட்டு மாதமாக லெனர்ட் அவருக்கு டீ சொல்லிக்கொண்டிருந்தான். தன் அறைக்கும் அவன் மேசைக்கும் நடுவே இருந்த கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவன் எனிட் ஜிஞ்செலின் கணவன் என்பது அவருக்குத் தெரியாது.

எனிட் இலை உரிக்கும் கூடத்தில் இருந்தாள். புகையிலையை மடியில் விரித்து, நடுநரம்பை ஒரே இழுப்பில் உருவி எடுக்கும் வேலை. விரல் நுனியெல்லாம் காப்பிக்கொட்டை நிறம். கல்யாணமான பெண்ணுக்கு அங்கே வேலை கிடையாது. கடைசி நாளன்று தோழிகள் அவளைக் காகிதப் பூவால் அலங்கரித்து, தள்ளுவண்டியில் ஏற்றிக் கூடம் கூடமாக இழுத்துப்போய்ப் பாடி அனுப்புவார்கள். கம்பெனி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுக்கும். “கடிகாரத்த வச்சு வாடக குடுக்க முடியுமா?” என்றாள் எனிட். ஒரு சனிக்கிழமை பிற்பகல் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக்கு வந்தவள், அவளோடு இலை உரித்த மேபல் ஒருத்திதான். தொழிற்சாலையிலிருந்து தள்ளி, தெரிந்தவர் யாருமில்லாத டாட்டர்டவுன் மேட்டில் ஓர் அறை. காலையில் பத்து நிமிட இடைவெளியில் தனித்தனியாகக் கிளம்புவார்கள். மோதிரத்தைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிச் சட்டைக்குள் போட்டுக்கொள்வாள்.

அடுத்த வருடம் இருமல் வந்தது. கம்பெனி மருத்துவர் மார்பில் குழல் வைத்துப் பார்த்து, ஆறு மாதம் கடற்கரை இல்லம் என்று எழுதினார். பட்டியலில் அவள் பெயர் மூன்றாவது. நவம்பர் முதல் வாரம் படுக்கை கிடைக்கும் என்றார்கள். அக்டோபர் ஒன்பதாம் தேதி மாலை வாசலில் பையில் கையை விட்டாள். அது தினமும் நடப்பது. பை நிறைய மரமணிகள். வெள்ளை மணி வந்தால் வீட்டுக்கு, கறுப்பு மணி வந்தால் சோதனை அறைக்கு. ஆடைக்குள் இலை ஒளித்து எடுத்துப்போகிறார்களா என்று தடவிப் பார்ப்பார்கள். எனிட்டுக்குக் கறுப்பு வந்தது. சோதனைக்காரி இலையைத் தேடினாள், கயிறு அகப்பட்டது.

மறுநாள் காலை கலிக் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். தடுப்புக்கு இந்தப்பக்கம் லெனர்ட் வெளிநாட்டுப் பறவைகள் என்ற வேறோர் அட்டை வரிசைக்காகக் கரிச்சானைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான். கதவு பாதி திறந்திருந்தது.

“புருஷன் பேரு என்னம்மா?”

“கப்பல்ல வேலை செய்றாரு சார். ஊர்ல இல்ல.”

“அப்ப அவரு வந்து பாத்துக்குவாரு. அந்த இல்லம் நம்ம குடும்பத்துப் பொண்ணுங்களுக்கு. நீ இப்ப வேற குடும்பம் இல்லியா?”

நீலப் பென்சில் தாளில் இழுபடும் சத்தம் கேட்டது. நேர்கோடு. லெனர்ட் கரிச்சானின் வால் நீளத்தை எழுதினான். இனங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டையும் எழுதினான். எழுந்து உள்ளே போய் நிற்க நான்கு அடி போதும், அவன் எழவில்லை. ஏற்கெனவே அவள் வேலை போயிற்று, எழுந்தால் தன் சம்பளமும் போகும், மருந்துக்கு என்ன செய்வது என்று அப்போது ஒரு கணக்கு ஓடியது உண்மை. அந்தக் கணக்கு சரியா என்று பிறகு பலமுறை போட்டுப் பார்த்தான். அன்று மாலை எனிட் அவன் கையைப் பிடித்து, “நல்லவேள, நீ எழுந்து வரல” என்றாள். அவள் அதை மனதாரத்தான் சொன்னாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். ஜனவரி பதினொன்று வரை நேரம் இருந்தது.

அட்டைகளின் மெய்ப்புத் தாளில் கலிக்கும் ஒரு முதலாளியும் கையெழுத்திட்ட வியாழக்கிழமை, லெனர்ட் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அச்சுக்கூடத்துக்கு இறங்கினான். கையெழுத்தான பிறகும் சின்னத் திருத்தங்கள் இருக்கும். ஒரு துண்டுத்தாளில் அவன் எழுதிக் கொடுத்தால் அச்சுக்கோர்க்கும் சாம் பாப்ஜாய் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுவார். ஆறு வருடத்துப் பழக்கம். கலிக்கைப் பழிவாங்க வேண்டும் என்று எட்டு மாதம் யோசித்து, மாடிப்படி, ஆற்றங்கரை, அவர் வீட்டு வாசல் என்று எல்லா இடத்தையும் மனதுக்குள் நடந்து பார்த்துவிட்டு, கடைசியில் அவன் வந்து சேர்ந்த இடம் இந்தத் துண்டுத்தாள்தான். உடம்பில் அடித்தால் ஆறிவிடும். இது லட்சம் பெட்டிக்குள் போய் உட்காரும். புகைப்பவனின் சட்டைப்பையில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ஆல்பத்தில், கலிக் போகும் தேவாலயத்துப் பெஞ்சுகளில் இருக்கும். அவர் செத்த பிறகும் இருக்கும்.

சாம் துண்டை வாங்கிக் கண்ணருகில் பிடித்துப் படித்தார். மறுபடி படித்தார்.

“என்ன வாத்தியாரே, கமாவா, புள்ளியா?”

“நாப்பத்து மூணு. முதல் ரெண்டு வரி அப்படியே. மீதி மாத்தணும்.”

“மாத்தலாம். இதுல இருக்கறது உன் கையெழுத்து. என்னக் கேட்டா, துண்டு வந்துச்சு, கோத்தேன்னு சொல்லிட்டுப் போயிருவேன்.” எழுத்துப் பெட்டியில் கையை வைத்தவர் எடுத்துக்கொண்டார். “ஆனா இத மொதல்ல கையில வாங்கப்போறது பேக்கிங் பொண்ணுங்க. அவங்களக் கேக்காம மெஷின் ஓடாது.”

ஆளனுப்பி மேபலை வரவழைத்தார். இலை உரிக்கும் கூடத்திலிருந்து மாறி இப்போது பேக்கிங் வரிசைக்குத் தலைவி. மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சவ அடக்கத்துக்குப் பிறகு லெனர்ட் அவளோடு பேசவில்லை.

“வாங்க பறவைக்காரரே. மாடி எறங்கி வந்துட்டீங்க. கால் வலிக்கலியா?”

துண்டைப் படித்தாள். அதில் எல்லாம் இருந்தது. பட்டியலில் மூன்றாவது பெயர், கறுப்பு மணி, கழுத்துக் கயிற்றில் கண்டெடுத்த மோதிரம், ஹோரஸ் கலிக்கின் பென்சில், எனிட் இறந்த தேதி. படித்து முடித்ததும் மேபலின் கை தானாகத் தன் கழுத்துப் பொத்தானுக்குப் போனது.

“சாம், கதவ சாத்து.” பிறகு லெனர்டிடம் திரும்பினாள். “என் வரிசையில எத்தன பேரு கழுத்துல கயிறு கட்டிக்கிட்டு வர்றாங்க தெரியுமா?”

அவன் அவள் கழுத்தைப் பார்த்தான்.

“என்னையும் சேத்து பதினொண்ணு. இந்த வரி வெளிய போச்சுன்னா நாளைக்கு கறுப்பு, வெள்ளைன்னு ஒண்ணும் இருக்காது. எல்லாத்தையும் நிக்கவச்சு கழுத்தத்தான் தடவுவாங்க. உன் கோவத்துக்கு நாங்க பதினோரு பேரும் தெருவுல நிக்கணுமா?”

அவனுக்கு அது தோன்றியதே இல்லை. எழுதியதிலேயே கூர்மையான வரி என்று அதைத்தான் நினைத்திருந்தான். பென்சிலை எடுத்து அடித்தான்.

“இப்ப ஒரு வரி காலியா இருக்கு. கீழ வெள்ளையா விட்டா நல்லா இருக்காது” என்றார் சாம்.

“காலி எதுக்கு?” என்றாள் மேபல். “அன்னிக்கு அந்த ரூம்புல ரெண்டு ஆம்பள இருந்தீங்க. ஒருத்தன் பேருதான் இதுல இருக்கு.”

அச்சுக்கூடத்தில் மை வாசனை மூக்கை அடைத்தது. பக்கத்து அறையில் தாள் வெட்டும் கத்தி இறங்கும் சத்தம், சற்று விட்டு மறுபடி. சாம் எழுத்துப் பெட்டியைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

“அவளுக்கு தள்ளுவண்டி இல்ல, பூ இல்ல. ஏப்ரனக் கழட்டிக் கையில வச்சிக்கிட்டு தனியா போனா. நான் ஜன்னல்ல நின்னு பாத்தேன். நீ எங்க இருந்த?”

“உள்ளதான் இருந்தேன்.”

“அத எழுது. எழுதுனா நாங்க பதினோரு பேரும் இந்தக் கையாலயே ஒவ்வொரு பெட்டியிலயும் போட்டு அனுப்பறோம். ஒண்ணு பாக்கியில்லாம. அந்தாளு பேர மட்டும் போட்டு அனுப்பறதா இருந்தா, நீயே போய் உக்காந்து பேக் பண்ணு.”

லெனர்ட் எழுத்துக்கோர்க்கும் மேசையில் குனிந்து எழுதினான். எழுதி எண்ணினான். எழுபத்து மூன்று. எதை அடிப்பது என்று தேடினான். கலிக்கின் வரியில் ‘இரக்கமில்லாத’ என்று ஒரு சொல் இருந்தது. அதை அடித்தான். இன்னும் இரண்டு. தன் வரியில், ‘துயரத்தோடு’ என்று எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டிருந்ததை அடித்தான். ‘அப்போது’ தேவைப்படவில்லை. துண்டைச் சாமிடம் நீட்டியபோது மேபல் குறுக்கே வாங்கிப் படித்தாள். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க இயந்திரம் ஓடியது. மாலையில் ஒருமுறை அவன் பேக்கிங் கூடத்தைக் கடந்துபோனான். நீண்ட மேசையின் இருபுறமும் பெண்கள் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாகப் பாட்டுக் கேட்கும் நேரம் அது. யாரும் பாடவில்லை. விரல்கள் மட்டும் அட்டையை எடுப்பதும் செருகுவதும், எடுப்பதும் செருகுவதுமாக இருந்தன. சனிக்கிழமை காலை லாரிகள் ரயில் நிலையத்துக்குப் போயின. கார்டிஃப், பர்மிங்ஹாம், லண்டன். அன்று அவன் அறையில் உட்கார்ந்து எனிட்டின் இரண்டு கவுன்களை மடித்துக் காகிதத்தில் கட்டினான். தன் புத்தகங்களையும் கட்டினான். அவனுக்குத் தூக்கம் வந்தது. எட்டு மாதத்தில் முதல்முறையாகப் பகலில் தூங்கினான்.

திங்கள் காலை கலிக் நல்ல உற்சாகத்தில் இருந்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளில் புகைத்த பெட்டிகளின் அட்டைகளை மேசைமேல் வரிசையாக அடுக்கியிருந்தார். குதிரை ஆலை, பதுங்குகுழி, பெரிய கப்பல் ஒன்று. கீழே வாசலில் தபால்காரர் வழக்கமான ஒரு பைக்குப் பதில் இரண்டு பைகளோடு நிற்பதை லெனர்ட் ஜன்னல் வழியே பார்த்தான்.

“டோவி, இங்க வா. உக்காரு.” நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். புதுப் பெட்டி ஒன்றின் வெள்ளித்தாளைக் கிழித்து அவனுக்கு ஒரு சிகரெட் நீட்டினார். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். அட்டை பாதி வெளியே வந்து நின்றது. அதை உருவி முன்பக்கத்தைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“அட! நம்ம வீடு. பாரு, ரோஜாவ எவ்வளவு அழகாப் போட்டிருக்கான்.” சிகரெட்டை உதட்டில் வைத்துத் தீக்குச்சியை உரசினார். அட்டையை மேசைமேல் அவன் பக்கம் தள்ளினார். “தொந்தரவு இல்லேன்னா கொஞ்சம் படி. உன் குரல்ல கேக்கணும்.”

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். லெனர்ட் அட்டையைத் திருப்பினான். மை நன்றாகப் பிடித்திருந்தது. சாமின் வேலை எப்போதும் சுத்தம்.

“வெதரிட்ஜ் குடும்பத்தில் நோயுற்ற எந்தப் பெண்ணும் கைவிடப்படுவதில்லை” என்று படித்தான். “கடற்கரையில் அவளுக்கென்று ஒரு வீடு காத்திருக்கிறது.”

கலிக் தலையை ஆட்டினார்.

“சென்ற அக்டோபரில் அதன் பட்டியலில் மூன்றாவது பெயர் எனிட் ஜிஞ்செல். மணமானவள் என்று தெரிந்ததும் அந்தப் பெயரை நீலப் பென்சிலால் அடித்தவர் ஹோரஸ் கலிக்.”

கண் இன்னும் மூடித்தான் இருந்தது. உதட்டில் இருந்த சிகரெட் மட்டும் இழுபடாமல் நின்றது. கீழே ஒரு தொலைபேசி அடித்தது, யாரோ எடுத்தார்கள், வைத்த கையோடு மறுபடி அடித்தது. லெனர்ட் அடுத்த வரியைப் படித்தான்.

“அவள் கணவன் லெனர்ட் டோவி கண்ணாடிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.”

சிகரெட்டின் நுனியில் சாம்பல் ஒரு விரல்கணு நீளத்துக்கு வளர்ந்து, வளைந்து, விழாமல் நின்றது.